மாசியில் பார்த்த தீவு

கடலோரக் காடு ஒன்றில் அந்த ஆண்டு மழை பெய்யவே இல்லை. புல் கருகியது. குளம் வற்றிச் சேறானது. பிறகு சேறும் காய்ந்து வெடித்தது. அந்த வெடிப்புகளின் மேல் ஒரு தாய்மான் படுத்தது. பிறகு அது எழுந்திருக்கவில்லை.

தாய்க்கு இரண்டு பிள்ளைகள். அண்ணன் மான் தன் காட்டில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரையும் நம்பாது. தங்கை மானோ எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் காலை எடுத்து வைக்காது.

"தங்கச்சி, இனி இங்கே இருந்தால் நாமும் அம்மாவைப் போலத்தான்" என்றது அண்ணன் மான். "கடலுக்கு அப்பால் ஒரு தீவு இருக்கிறதாம். அங்கே போய்விடுவோம்."

"அங்கே போய்ப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா, அண்ணா?"

அப்படி ஒரு பறவை இருந்தது. கரையோரத்துப் பட்டுப்போன மரத்தில் சிறகுகளை விரித்துக் காய வைத்தபடி உட்கார்ந்திருக்கும் நீர்க்காகம்தான் அது. ஒரே ஒரு முறை தீவுக்குப் போய் வந்திருந்தது. அன்று முதல் அதற்கு வேறு பேச்சே கிடையாது.

மான்கள் மரத்தடியில் வந்து நின்றதும் நீர்க்காகம் சிறகுகளை இன்னும் அகல விரித்தது.

"தீவுக்கா? நல்லவேளை, என்னிடம் கேட்டீர்கள். கடல் உள்வாங்கும் நேரத்தில் மணல் திட்டுகள் வழியாக நடங்கள். நடுநடுவே கொஞ்சம் நீந்த வேண்டும். தீவில் தேங்கிய தண்ணீரைத் தொடாதீர்கள், வயிறு கெடும். வழியில் ஒரு பெரிய அரசமரம் வரும். அங்கே வாழ்பவர்களுக்கு அது மதிப்புள்ள மரம். அதன் நிழலில் தலையைத் தாழ்த்தி, சத்தம் போடாமல் நடக்க வேண்டும்."

"சரி, எந்தப் பக்கம் தங்குவது?" என்றது அண்ணன் மான்.

"மேற்குக் கரைக்குப் போங்கள். ஒரு ஆறு வரும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வராது. அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி. கிழக்குப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். எங்கே பார்த்தாலும் சேறு."

"நீங்கள் எப்போது போனீர்கள்?" என்று கேட்டது தங்கை மான்.

"மாசியில்."

"இப்போது ஆனி ஆயிற்றே?"

நீர்க்காகம் கடகடவென்று சிரித்தது. "மாசியில் இருந்த தீவு ஆனியில் ஓடியா போய்விடும்?"

அண்ணன் மானும் சிரித்தது. தங்கை மான் மட்டும் சிரிக்கவில்லை.

"முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன்" என்றது நீர்க்காகம். "கரையில் இறங்கியதும் வலிய வந்து வழி சொல்கிறவர்களை நம்பாதீர்கள். புதிதாக வருகிறவர்களை ஏமாற்றுவதுதான் அவர்கள் பிழைப்பு. நல்ல மீன் காட்டுகிறேன் என்று ஒரு நண்டு என்னைச் சேற்றுக்குள் கூட்டிப் போய்க் காலைக் கவ்விவிட்டது. இதோ, தழும்பு."

அண்ணன் மான் அந்தத் தழும்பை நன்றாகப் பார்த்துக்கொண்டது.

கடல் உள்வாங்கியதும் இரண்டும் புறப்பட்டன. திட்டுக்குத் திட்டு நடந்தன. ஆழமான இடங்களில் நீந்தின. தங்கை மான் களைத்தபோதெல்லாம் அண்ணன் மான் தன் முதுகில் அதன் தாடையைச் சாய்த்துக்கொள்ளச் சொல்லி நீந்தியது. கடைசியில் தீவின் வட முனையில் இரண்டும் கரையேறின.

அங்கே ஒரு தாழம்புதர் இருந்தது. அதிலிருந்து ஓர் உடும்பு மெல்ல வெளியே வந்தது. அது பிறந்ததும் வளர்ந்ததும் அந்தப் புதரடியில்தான். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் குணம் அதற்கு.

"எந்தப் பக்கம் போகிறீர்கள்?" என்று கேட்டது உடும்பு.

அண்ணன் மான் தங்கையை இடித்தது. "பார்த்தாயா? நீர்க்காகம் சொன்ன மாதிரியே வந்துவிட்டது."

"மேற்கே போகிறோம்" என்றது தங்கை மான்.

"வேண்டாம், பிள்ளை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று எழுந்துவிட்டது. இனி ஆவணி வரை மழையைக் கொண்டுவந்து மேற்கில்தான் கொட்டும். ஆறுகள் கரைக்குள் நிற்கவில்லை. கிழக்கே போங்கள். அங்கே இப்போது தரை காய்ந்திருக்கிறது. குளங்களில் தண்ணீர் இருக்கிறது, புல்லும் இருக்கிறது."

"இதைச் சொல்வதால் உனக்கு என்ன கிடைக்கும்?" என்றது அண்ணன் மான்.

"ஒன்றும் கிடைக்காது."

"ஒன்றும் கிடைக்காமல் முன்பின் தெரியாதவர்களுக்கு யார் வழி சொல்வார்கள்?"

உடும்பு ஒரு முறை நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. "நான் சொல்வேன்" என்றது.

"அண்ணா, கொஞ்சம் நில். இது இங்கேயே இருப்பது. இன்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோமே."

"கேட்கக் கேட்கத்தான் வலை இறுகும். வா!"

அண்ணன் மான் நடந்தது. தங்கை மான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தது. பிறகு அதுவும் நடந்தது. அந்தப் புதிய இடத்தில் அதற்கு அண்ணனை விட்டால் வேறு யாரும் இல்லை.

போகிற வழியில் அந்தப் பெரிய அரசமரம் வந்தது. இரண்டும் தலையைத் தாழ்த்தி ஓசையில்லாமல் நடந்தன. கிளைகளில் இருந்த மந்திகள் அதைப் பார்த்தன. பற்களைக் காட்டவில்லை, விரட்டவில்லை. இளந்தளிர் சிலவற்றைக் கீழே போட்டன.

"இப்போது என்ன சொல்கிறாய்?" என்றது அண்ணன் மான் தளிரை மென்றபடி. "நீர்க்காகம் சொன்னதில் எது பொய்த்தது?"

நீர்க்காகம் சொன்னது அதுவரை எதுவும் பொய்க்கவில்லைதான்.

மேற்கே வானம் கறுத்திருந்தது. "அண்ணா, அங்கே பார்" என்றது தங்கை.

"மேகம்தானே! மழை இல்லாமல்தானே அம்மா செத்தாள்? மேகத்தைப் பார்த்தா பயப்படுவாய்?"

குழந்தைகளே, தாகத்தில் தாயைப் பறிகொடுத்தவர்களுக்கு மழைமேகம் ஆபத்தாகத் தெரியுமா? தங்கை மானுக்கும் அந்த நேரத்தில் அது அழகாகத்தான் தெரிந்தது.

ஆற்றங்கரைக்கு வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. அக்கரையில், மழைத்திரைக்குப் பின்னால், ஏதோ பச்சையாகத் தெரிந்தது.

"முழங்கால் அளவு என்றுதானே சொன்னது?" என்றது தங்கை மான்.

"நான் முதலில் இறங்குகிறேன். நான் போய்ச் சேர்ந்த பிறகு நீ வா."

அண்ணன் மான் இறங்கியது. தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. வயிற்றைத் தொட்டது. நடு ஆற்றில் கழுத்து மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஆனாலும் வலுவான மான் அல்லவா, தட்டுத்தடுமாறி அக்கரை ஏறிவிட்டது. ஏறிப் பார்த்தால் அங்கே புல்வெளியே இல்லை. புல்லின் நுனிகள் மட்டும் வெள்ளத்துக்கு மேலே அசைந்தன.

திரும்பி வந்திருக்கலாம். "அங்கேயே நில்" என்றாவது கத்தியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் உடும்பு சொன்னது உண்மை என்று ஆகிவிடும். அதை ஒப்புக்கொள்ள அதற்கு மனம் வரவில்லை.

"வா, தங்கச்சி! நான் வந்துவிட்டேன் அல்லவா?"

தங்கை மான் தண்ணீரில் கால் வைத்தது. அண்ணனையே பார்த்துக்கொண்டு வந்தது. பாதி ஆற்றைக் கடந்திருக்கும். மேலே மலைப்பக்கம் பெய்த மழை அப்போதுதான் வந்து சேர்ந்தது. மரக்கிளைகளையும் நுரையையும் சுமந்து ஒரு புது வெள்ளம் வளைவில் திரும்பிப் பாய்ந்தது.

"அண்ணா!"

ஒரு முறைதான் கேட்டது.

அண்ணன் மான் கரையோரமாகவே ஓடியது. தண்ணீரில் ஒரு காது தெரிந்தது, முதுகுப் புள்ளிகள் தெரிந்தன, பிறகு கிளைகளும் நுரையும் மட்டுமே தெரிந்தன. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அலைகள் ஆள் உயரத்துக்கு எழுந்து விழுந்தன. அதற்கு மேல் ஓடத் தரை இல்லை.

மழை விடும்வரை அது அங்கேயே நின்றது. தண்ணீர் வடிந்த ஒரு நாளில் ஆற்றைக் கடந்தது. அன்று தண்ணீர் அதன் வயிற்றைக்கூடத் தொடவில்லை. விலா எலும்புகள் தெரிய, நடந்து நடந்து தாழம்புதருக்கு வந்து சேர்ந்தது.

உடும்பு வெளியே வந்தது. மானின் பின்னால் பார்த்தது. யாரும் வரவில்லை.

அண்ணன் மான் கேட்டது. "தெரிந்தும் ஏன் விட்டாய்? பின்னாலேயே வந்து கத்தியிருக்கக் கூடாதா? வழியை மறித்திருக்கக் கூடாதா?"

"மறித்திருந்தால் நீ இன்னும் வேகமாக ஓடியிருப்பாய்" என்றது உடும்பு.

அண்ணன் மான் மணலில் முழங்காலிட்டது. உடும்பு அதன் அருகில் படுத்துக்கொண்டது. வெயில் ஏறி இறங்கியது. அதன் பிறகு மான் மெல்ல எழுந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டது.

உடும்பு கிழக்கே தலையைத் திருப்பிக் காட்டியது.

கிழக்கே தரை காய்ந்திருந்தது. வழியெல்லாம் புல் நின்றது. ஒரு பெரிய குளத்தில் வானம் அசையாமல் கிடந்தது. ஒரு வாய்க்கால் அதிலிருந்து சலசலத்து ஓடியது. அந்த நாட்டு மான்கள் அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. புதிய மானைக் கண்டதும் சற்று விலகி அதற்கும் இடம் விட்டன. தண்ணீர் இனிப்பாக இருந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மான் கனிவோடு கேட்டது. "கடலைத் தாண்டியா வருகிறாய்? தனியாகவா வந்தாய்?"

"இல்லை" என்றது அண்ணன் மான்.

நீதி: ஓர் இடத்துக்கு என்றோ போய் வந்தவர் அறிந்தது அன்றைய நிலையை, இன்றைய நிலையை அங்கேயே வாழ்கிறவரிடம் கேள்.