கயிறில்லாத கை

முத்துக் குளிக்கும் கிளிஞ்சல்துறையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் படகில் நின்று பிடிக்க வேண்டும். தங்கையின் தாலிக்கு அவனைவிட நல்ல காவல் யார் என்று முன்னோர் நினைத்திருக்கலாம். அப்படிச் சங்கனின் கயிற்றைப் பிடித்தவன் அவன் மைத்துனன் கூத்தன். கீழிருந்து மூன்று முறை இழுத்தால் மேலே தூக்க வேண்டும். மாசி மாதத்தில் ஒருநாள் உச்சிவேளையில் சங்கன் பிணமாகத்தான் மேலே வந்தான்.

அன்றே கூத்தனின் வலக்கை மூடிக்கொண்டது. கயிற்றைப் பற்றியிருந்தபடியே விரல்கள் இறுகிப்போயின. ஐந்து மாதமாகியும் திறக்கவில்லை. அதோடு போயிருந்தால் ஊர் பரிதாபப்பட்டுவிட்டு மறந்திருக்கும். ஆனால் தினமும் உச்சிவேளையில் அந்தக் கை தானாகக் கீழ்நோக்கி வெட்டி இழுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கடலடியிலிருந்து யாரோ இழுக்கிறார்கள் என்று கண்டவர்கள் பதறி ஓடினார்கள்.

படகுத் தலைவன் மட்டும் நம்பவில்லை. "கடலுக்கு வரப் பயந்து வேஷம் போடுறான்" என்று சொல்லி, பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் கூத்தனின் புறங்கையில் வைத்தான். தோல் கருகியது. கூத்தன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பியைப் பிடித்திருந்தவன்தான் அதைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினான்.

அதற்குப் பிறகே மருத்துவச்சி அரசாயியை அழைத்தார்கள். அவள் பேய் என்றும் சொல்லவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. முதலில் உடம்பைப் பார்த்தாள். நாடி சீராக ஓடியது. சதை வற்றவில்லை. முழங்கையிலிருந்து ஊசியால் மெல்லத் தொட்டுக்கொண்டே வந்தாள். மணிக்கட்டு வரைக்கும் துள்ளினான். அதற்குக் கீழே குத்தினாலும் தெரியவில்லை. கத்தியால் கோடு கிழித்தது போல உணர்வு அங்கே நின்றிருந்தது. வாதம் வந்து மரத்த கைகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். எதுவும் இப்படி மரத்ததில்லை. பகலில் அவன் கண்ணயரும்வரை பக்கத்திலேயே காத்திருந்தாள். தூக்கத்தில் அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. விழித்ததும் மூடிக்கொண்டன.

'நோய் கையில் இல்லை. ஆனால் நோய் இருக்கிறது' என்று அரசாயி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இன்னொன்றையும் கவனித்தாள். உச்சிவேளை தோறும் தங்கை பவளாயி கஞ்சி கொண்டுவந்து அண்ணனுக்கு ஊட்டுவாள். பிறகு அந்த மூடிய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, ஏதேதோ கிசுகிசுப்பாள். ஆடு குட்டி போட்டது, கூரை ஒழுகுவது, எல்லாம். ஒருநாள் மழையில் அவள் வர நேரமாயிற்று. உச்சி கடந்தும் கை அசையவில்லை. முற்றத்துச் சேற்றில் அவள் காலடி கேட்டதுமே வெட்டி இழுத்தது.

பவளாயி போன பிறகு அரசாயி கூத்தனிடம் கேட்டாள். "அன்னைக்குப் படகுல என்ன நடந்துச்சு?"

அவன் தன் மூடிய கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பக்கத்துப் படகுக்காரன் ஏதோ வேடிக்கையாச் சொன்னான். சிரிச்சிட்டிருந்தேன். மூணு இழுப்பும் எனக்குத் தெரிஞ்சது, அக்கா. சிரிச்சு முடிச்சிட்டுத் தூக்குவோம்னு இருந்தேன்." உடனே அவள் காலைப் பிடித்துக்கொண்டான். "பவளத்துக்கு மட்டும் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

அரசாயி தன் மருந்துப் பெட்டியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் பவளாயி அவளை வழிமறித்தாள். "இழுக்கிறது எம் புருஷன்தானே? சொல்லுங்க அக்கா. எனக்கு அவரு மிச்சம் இருக்கிறது அந்தக் கையில மட்டுந்தான்."

இல்லை என்றால், பிறகு யார் என்று கேட்பாள். ஆமாம் என்றால் அது பொய். அரசாயி இரண்டையும் சொல்லவில்லை. "ஏழு நாள் அந்தப் பக்கம் போகாதே பவளம். அண்ணன் கை தேறணும்" என்று மட்டும் சொன்னாள்.

கணக்கு தப்பவில்லை. இழுப்பு நின்றது. மூன்றாம் நாள் மணிக்கட்டுக்குக் கீழே சூடு தெரிந்தது. ஆறாம் நாள் விரல்கள் விரிந்தன. கூத்தன் தன் உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து அழுதான்.

எட்டாம் நாள் பவளாயி கஞ்சியோடு வந்தாள். விரிந்த கையைப் பார்த்ததும் கலயத்தைக் கீழே போட்டாள். "அண்ணே, அவரை எங்கே விட்டே?"

கூத்தனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அன்னைக்கே விட்டுட்டேன், பவளம்" என்று தொடங்கி, அந்தச் சிரிப்பு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பவளாயி சிந்திய கஞ்சியை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் உச்சிவேளையில் பவளாயியின் வலக்கை மூடிக்கொண்டது. பிறகு கீழ்நோக்கி இழுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

கூத்தன் கடைசியில் உண்மையைச் சொன்னான். அரசாயி கொடுத்த வாக்கைக் காத்தாள், நோயையும் தீர்த்தாள். பவளாயி யாரையும் ஏய்க்கவில்லை. அப்படியானால் இந்த இரண்டாவது கை மூடியது யாருடைய பிழையால்? யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: அரசாயியின் பிழையால். வாக்கைக் காத்ததில் பிழையில்லை. கூத்தன் மறைத்தது குற்றம்தான். ஆனால் அதற்கு ஐந்து மாதம் அவன் உடம்பே தண்டனை கொடுத்தது. அரசாயி ஒரு கையின் நோயை மிகச் சரியாகக் கண்டுபிடித்தாள். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு இறந்தவனோடு பேசியவளையோ நோயைக் கிளறும் காரணமாகத்தான் பார்த்தாள். அவளும் நோயாளி என்று பார்க்கவில்லை. பவளாயியை அவள் புருஷனிடமிருந்து ஏழு நாள் பிரித்துவைத்தவள், அந்த ஏழு நாளில் ஒருநாள்கூட அவள் வாசலுக்குப் போகவில்லை. இதை அரசாயியே ஒப்புக்கொண்டாள். ஊசியையும் மருந்துப் பெட்டியையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் பவளாயியிடம் போனாள். அன்று சங்கன் எப்படிச் செத்தான் என்று அவள் கேட்கவில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டாள். பவளாயி பேசி முடிக்க ஒரு மழைக்காலம் ஆயிற்று.