முடியாதென்று சொல்லப் பயந்த பூதம்

வெகு வெகு காலத்துக்கு முன்னே ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே ராஜா கேட்டதற்கு யாரும் "முடியாது" என்று சொல்லக் கூடாது. சொன்னால் சவுக்கடி. அதனால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஆட்டி ஆட்டி அலுத்துக் கிடந்தார்கள்.

அரண்மனைக்கு ஆற்றுத் தண்ணீர் சுமக்கிற மூக்காயிக்கும் அதே அலுப்பு. ஒரு நாள் அவள் ஆற்றிலிருந்தும் ராஜா வேட்டையிலிருந்தும் திரும்பி வந்து பார்த்தால், ஊரே கல். முந்நூறு கல் மனிதர்கள். அவள் புருஷன் செல்லாண்டியும் கல். ஊரைக் கல்லாக்கிய மந்திரவாதி கோணவாயன் முச்சந்தியில் ஒரு செப்புக் குடத்தை வைத்துவிட்டுப் போயிருந்தான்.

குடத்துக்குள் பூதம். "எத்தனை பேர் எந்திரிக்கணும்னு ஓலையில எழுதிப் போடுங்க. எழுத்தை எண்ணாக்கி, அத்தனை பேருக்கு உசுரு குடுப்பேன். மூணே ஓலைதான்" என்றது.

ராஜா 'முந்நூறு' என்று எழுதிப் போட்டார். குடம் விழுங்கியது, குலுங்கியது, ஏப்பம் விட்டது. எழுந்தவர்கள் நாற்பத்து நான்கு பேர்.

செல்லாண்டி கல்.

ராஜா கோபமாக 'மிச்சம் எல்லாரும்' என்று எழுதிப் போட்டார். குடம் விழுங்கியது, குலுங்கியது, ஏப்பம் விட்டது. ஒருத்தர்கூட எழவில்லை.

செல்லாண்டி கல்.

கடைசி ஓலையில் ராஜா 'இருநூற்று ஐம்பத்தாறு' என்று எழுதினார். அப்போதுதான் மூக்காயி குடத்தின் வாயைக் கையால் மூடினாள். குடம் நடுங்கியது. சுமக்க மாட்டாததைச் சுமக்கும்போது அவள் முழங்காலில் வருமே, அதே நடுக்கம்.

"ஏன்யா நடுங்குறே?"

"ஆத்தா, என் வயித்துல பூஜ்யத்துலேர்ந்து இருநூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும்தான் இடம். மேலே ஒண்ணு கூடினாலும் மொத்தமும் கொட்டிப்போயி, மறுபடி பூஜ்யத்துலேர்ந்து ஏறும். முந்நூறு அப்படித்தான் நாப்பத்து நாலாச்சு."

"ரெண்டாவது ஓலை?"

"அதுல எண்ணே இல்லையே. பூஜ்யம்னு வச்சுக்கிட்டேன்."

"இப்ப இந்த ஓலையைப் போட்டா?"

"இதுவும் பூஜ்யம்தான்."

"அடப்பாவி! வாயைத் திறந்து முடியாதுன்னு சொல்றதுக்கென்ன கேடு?"

"அந்த வார்த்தையிலதான் கோணவாயன் மந்திர முடிச்சு போட்டிருக்கான். சொன்னா முடிச்சு அறுந்துடும். ஆனா உங்க ஊர்ல அதைச் சொன்னா சவுக்காமே!"

மூக்காயி ராஜாவைத் திரும்பிப் பார்த்தாள். ராஜா கல்லாய் நின்ற ராணியைப் பார்த்தார்.

"சொல்லட்டும்" என்றார். "அடிக்க மாட்டேன். இனிமே யாரையும்."

"மு... மு... முடியாது!" என்றது பூதம்.

உள்ளே என்னவோ பட்டென்று அறுந்தது. மூன்றே ஓலைதான் என்று கோணவாயன் போட்ட கட்டும் அதோடு போயிற்று.

ராஜா 'இருநூற்று ஐம்பத்தைந்து' என்று புதிதாக எழுதிப் போட்டார். இந்த முறை பூதம் அவசரப்படவில்லை. "எண்ணா? எண்தான். எனக்குள்ள அடங்குமா? அடங்கும்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் விழுங்கியது. தெரு முழுக்க இருமல், தும்மல், பிள்ளைகளின் அழுகை. ராணி வந்து ராஜாவின் கையைப் பிடித்தாள்.

செல்லாண்டி மட்டும் கல். எந்த வரிசையிலும் அவன் கடைசி.

மூக்காயிக்கு எழுதத் தெரியாது. ஓலையில் ஒரு கோடு கிழித்துப் போட்டாள்.

"இது எண்ணா ஆத்தா? சொல்லு, நானா எதையாவது வச்சுக்க மாட்டேன்."

"ஒண்ணுய்யா. ஒரே ஒருத்தர்."

"அடங்கும். தாராளமா அடங்கும்."

செல்லாண்டி கண்ணைத் திறந்தான். ஊரைப் பார்க்கவில்லை, ராஜாவைப் பார்க்கவில்லை. "என்ன புள்ள, இப்படிக் களைச்சுப் போயிருக்கே? இரு, தண்ணி கொண்டாரேன்" என்றான்.

ஊருக்கெல்லாம் தண்ணீர் சுமந்தவள் நடுத்தெருவில் உட்கார்ந்து, அவன் கொடுத்ததைக் குடித்து, அவன் தோளிலேயே தூங்கிப்போனாள். ராஜா ஊரைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.