நாற்பது நாள் பச்சை

“‘இன்னிக்கும் உங்க ஃபோன்ல பச்சை எரிஞ்சா, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்.’ இதுதாம்மா அவ சொன்னது. ஒரு வார்த்தை நான் கூட்டல, குறைக்கல.”

“எரிஞ்சதா?”

“எரிஞ்சது. போயிட்டா.”

சொன்னவர் கலியபெருமாள். வயது அறுபது. கேட்டவர் மரகதவல்லி அம்மா. வயது நாற்பத்து மூன்று. விருத்தாசலத்துக்கு வெளியே ஓர் அன்னசாலை நடத்துகிறவர். ஆறு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அங்கே காய் நறுக்க வரும் கலியபெருமாள், அவரைத்தான் குருவாக வரித்திருந்தார். வயதைச் சொல்லி யாராவது சிரித்தால், “சிரிங்க” என்று சொல்லிவிட்டு நறுக்குவார்.

இன்றைக்கு நறுக்க வரவில்லை. வழக்கு கொண்டு வந்திருந்தார்.

“நான் குடிச்சேனா, அடிச்சேனா? வீட்டுல சாப்பாடு வீணாகக் கூடாதுன்னு ஒரு செயலி செஞ்சேன். அது ஒரு குத்தமாம்மா?”

“எப்படி வேலை செய்யும்?”

ஃபோனை நீட்டிக் காட்டினார். சமைத்ததில் மிஞ்சியதை அதில் எழுதி வைக்க வேண்டும். கெட்டுப் போவதற்கு முன்னால் மணி அடித்து, ‘இன்றே பயன்படுத்தவும்’ என்று சொல்லும். கீழே இரண்டே பொத்தான். சாப்பிட்டாச்சு. கொட்டியாச்சு. ஒரு நாள் முழுக்க எதையும் கொட்டாவிட்டால் பச்சை எரியும்.

“என் வீட்டுக்காரி செங்கமலம் காலிப் பாத்திரத்தைக் காட்டுவா. நான் அமுக்குவேன். நாற்பது நாள், நாற்பதும் பச்சை. நாளைக்கு எங்க குடியிருப்புல அறுபது வீட்டுக்கும் இதைக் கொடுக்கறதா சொல்லியாச்சு. அந்த நேரத்துல அவ பக்கத்துல நிக்கலைன்னா எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசினா வந்துடுவா.”

“சாப்பிட்டீங்களா?”

“இல்லைம்மா. அவதான் இல்லையே.”

“உட்காருங்க.”

மணி மூன்று. பந்தி எல்லாம் முடிந்திருந்தது. சமைத்தவர்கள் முதல் பந்தியில் உட்கார வேண்டும் என்பது அந்தச் சாலையின் சட்டம். உப்பு கூடினாலும் அடிப்பிடித்தாலும் முதலில் அவர்களுக்கே தெரியட்டும் என்று அம்மா வைத்தது. அதனால் அம்மா சாப்பிட்டு வெகு நேரம் ஆகியிருந்தது.

அடுப்பு மேடையில் அவரைக்காய்ப் பொரியல் இருந்தது. ரசமும் இருந்தது. அம்மா அதைத் தொடவில்லை. கொல்லைப்பக்கம் போய், மாட்டுக்கென்று மூடி வைத்திருந்த தூக்கை எடுத்துவந்தார். நேற்றைய சாம்பார், முந்தாநாள் கோஸ் கூட்டு. இரண்டையும் ஒரே சட்டியில் சுடவைத்து, சோற்றின்மேல் ஊற்றினார்.

கலியபெருமாள் ஒரு வாய் வைத்தார்.

“லேசாப் புளிச்சிருக்கேம்மா.”

“புளிச்சிருக்கு. இன்னும் கெடல. இதுக்கு உங்க செயலி என்ன சொல்லும்?”

“இன்றே பயன்படுத்தவும்னு சொல்லும்.”

“பயன்படுத்துங்க.”

இன்னும் மூன்று வாய் இறங்கியது. பிறகு அவர் கண் அடுப்பு மேடைக்குப் போனது.

“அந்த அவரைக்காய்…”

“அது நாளைக்கும் தாங்கும். அதுக்கு என்ன அவசரம்?”

“அப்ப நாளைக்காவது அதைத் தருவீங்களா?”

“கட்டாயம் தர்றேன். அதுக்குள்ள அதுவும் இப்படி ஆயிருக்கும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு தட்டைக் காலி செய்தார். கை கழுவிவிட்டு வந்தபோது அம்மா ஃபோனைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

“செவ்வாய்க்கிழமை. ஞாயித்துக்கிழமை வச்ச சாம்பார், சாப்பிட்டாச்சு. அன்னிக்கு நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

“வெண்டைக்காய் மோர்க்குழம்பு. சுடச்சுட. எனக்குப் பழசு ஒத்துக்காதும்மா, உங்களுக்குத் தெரியுமே.”

“தெரியும். வீட்டுல எத்தனை பேர்?”

“நாங்க ரெண்டு பேர்தான்.”

சொன்ன பிறகு அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்தார்.

“வியாழக்கிழமை. மிஞ்சின கீரை, சாப்பிட்டாச்சு. யார் சாப்பிட்டதுன்னு இதுல எங்க இருக்கு?”

“அதுக்கு இடம் வைக்கலைம்மா.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “அவளுக்குப் பிடிக்கலைன்னா கொட்டியிருக்கலாமே” என்றார்.

“கொட்டினா என்ன எரியும்?”

“சிவப்பு.”

“எரிஞ்சா நீங்க என்ன செய்வீங்க?”

“ஏன்னு கேப்பேன்.”

அம்மா திரையில் அடுத்த நாளைத் தள்ளிப் பார்த்தார்.

“அவ ஒரு நாள்கூட வாயைத் திறந்து சொன்னதில்லையேம்மா.”

“நாற்பதாம் நாள் சொன்னாங்களே. ஒரு வார்த்தை கூட்டாம, குறைக்காம நீங்கதானே இங்க வந்து ஒப்பிச்சீங்க.”

வெளியே மாடு கத்தியது. அம்மா ஃபோனைத் திருப்பி அவர் கையில் வைத்தார்.

“அண்ணன் வீட்டுக்கு நானே பேசறேன். அதுக்கு முன்னாடி இதுல ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க. அன்னிக்கு வச்ச குழம்பை உங்க வீட்டம்மா அன்னிக்கே சாப்பிட்ட நாள் எது?”

கலியபெருமாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். திரையை முதல் நாள் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். அங்கிருந்து மறுபடி ஒவ்வொரு நாளாக வந்தார். எல்லா நாளிலும் ஏதோ ஒரு பழசு, சாப்பிட்டாச்சு.

“ஒரு நாள் போதும், ஐயா. காட்டுங்க.”