இருவாச்சி பொந்தை அடைத்த கதை

இருவாச்சிகளின் முட்டைகளை உடும்பு தின்றது. வருஷா வருஷம் தின்றது. பொந்தில் காவலுக்கு ஆளில்லை.

ஏன் இல்லை? சமத்துவம் வந்துவிட்டது, அதனால்.

அந்தக் காலத்தில் பறவைகள் பேசும். மலைக்காட்டு இருவாச்சிகள் கொஞ்சம் அதிகமாகவே பேசும். “இனி ஏழை, பணக்காரன் இல்லை. ஆண், பெண் இல்லை” என்று ஆண்கள் மட்டும் கூடித் தீர்மானம் போட்டார்கள். பழமெல்லாம் பொதுக் குவியலுக்கு. சுமந்து வருவது பெண்கள், பங்கு பிரிப்பது ஆண்கள். ஆளுக்குப் பாதி வேலையாம். மேல்கிளைக்காரர்களுக்குக் கனிந்த அத்தி, கீழ்க்கிளைக்குக் காய். யோசிக்கிறவனுக்குப் பசி அதிகமாம்.

மூக்காயி கீழ்க்கிளைக்காரி. அவள் புருஷன் வீரணனுக்குக் கூட்டத்தில் ‘ஆமாம்’ போடும் வேலை. அவள் பழம் பொறுக்கப் போன நேரத்தில்தான் போன வருஷ முட்டை போனது. இந்த முறை பொந்துக்குள் புகுந்து, வாசலை உள்ளிருந்தே சேற்றால் பூசினாள். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் விட்டாள்.

வீரணன் ஓடிவந்தான்.

“என்னடி இது? பழத்துக்கு யார் போறது?”

“நீ போ.”

“எனக்குக் கூட்டம் இருக்கே!”

“உடும்பு வந்தா அதையும் கூட்டிட்டுப் போ. தீர்மானத்தைப் படிச்சுக் காட்டு.”

“வெளியே வாடி, மானம் போகுது.”

“வர முடியாது. பறக்கிற இறகையெல்லாம் உதிர்த்துட்டேன். பட்டினி போட்டா நானும் முட்டையும் இங்கேயே சாவோம். உன் இஷ்டம்.”

“பசித்தால் வருவாள், விடு” என்று மேல்கிளைத் தலைவர் சிரித்தார்.

சாயங்காலம் உடும்பு ஏறியது. சுவரைப் பிறாண்டியது. நகம் வலித்ததுதான் மிச்சம், இறங்கிப் போனது. எதிர்க்கிளையில் வீரணன் வாய் பிளந்து பார்த்தான். தன் முட்டை தப்பியதை முதல் தடவை பார்க்கிறான்.

கூட்டம் கூப்பிட்டது. அவன் போகவில்லை. அத்திமரத்துக்குப் போனான். முதல் பழத்தைப் பழக்கதோஷத்தில் தானே விழுங்கினான். அடுத்ததைக் கீறலில் நீட்டினான்.

“காயா?”

“கனிஞ்சதுதான். தின்னு.”

“இது மேல்கிளைக்குப் போகணுமே?”

“அவங்களுக்கும் இறக்கை இருக்கு.”

மற்ற பெண்களும் பூச ஆரம்பித்தார்கள். தலைவர் வீட்டம்மா உட்பட. குவியல் காலி. பிரிக்க ஒன்றுமில்லாமல் தலைவரும் பழம் தேடிப் பறந்தார். பறந்த வழியெல்லாம் விதை விழுந்து காடு முழுக்க அத்தி முளைத்தது. மேல்கிளை, கீழ்க்கிளை பேச்சே நின்றுபோனது.

பெண் இருவாச்சி உள்ளே அடைத்துக்கொண்டு அடைகாப்பதும், ஆண் வாயில் பழத்தோடு அலைவதும் அன்று தொடங்கியதுதான். சமத்துவத்துக்குத் தீர்மானம் போட்டவர்கள் பேர் யாருக்கும் ஞாபகமில்லை. கொண்டுவந்தவள் மூக்காயி.