சபாநடேசன் ஆட்டத்தில் ஒரு குறை

நாகர்கோவில் செஸ் கோப்பைக்கான கடைசி ஆட்டம். வருஷாவருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும் சபாநடேசன், ராணியை நகர்த்தி டொக்கென்று வைத்தார். கூட்டம் கைதட்டியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

எதிரே தோற்கும் நிலையில் இருந்த மரியபுஷ்பத்திடம், "என் ஆட்டத்துல ஒரே ஒரு குறை சொல்லு பார்ப்போம். முடியலைன்னா தோத்துட்டேன்னு எழுந்து போயிடும்மா" என்றார்.

"கொஞ்சம் யோசிக்கணும் சார்."

"தாராளமா யோசி! எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்க!"

அவள் கன்னத்தில் கைவைத்துப் பலகையையே பார்த்தாள். அவர் மீசையை முறுக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

இருவர் நேரத்தையும் தனித்தனியாக அளக்கும் ஆட்டக் கடிகாரம் கீச்சிட்டது. அவருடைய நேரம் தீர்ந்து, ஆட்டத்தில் தோற்றுவிட்டார்!

"குறை கிடைச்சிடுச்சு சார்" என்றாள் மரியபுஷ்பம். "ராணியை வச்சதும் கடிகாரத்தை அமுக்க மறந்துட்டீங்க. நான் யோசிச்சதெல்லாம் நீங்க தாராளமாக் குடுத்த உங்க நேரத்துலதான்."