சேற்றுக்கரைப் பாலம்

தில்லைநாயகி ஊர் ஊராகப் போய்ப் பாலம் கட்டியவர். அவருடைய சீடர்களில் மருதப்பன் மட்டும் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். மதில் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார், ஐம்பத்தெட்டு வயதில் பாலம் படிக்க வந்துவிட்டார். அந்த வயதில் பிடிவாதம் குறையும் என்பார்கள். அவருக்கு ஏறியிருந்தது.

காரணம் இருந்தது. ஆற்றின் நடுவே ஒரு திட்டு. அங்கே அவர் மகள் பொன்னாச்சி வாழ்க்கைப்பட்டிருந்தாள். போன வருஷம் பிரசவ வலியோடு படகில் ஏறியவள், வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தாள். இப்போது மறுபடி ஐந்து மாதம். வெள்ளம் வரும் நாளும் பிள்ளை பிறக்கும் நாளும் ஒன்றாகத்தான் வரும்.

ஒருநாள் மருதப்பன் சேறு படிந்த காலோடு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"திட்டுக்குக் கட்டின கல் வளைவு மறுபடி விழுந்துட்டுதும்மா. ரெண்டு காலையும் அகட்டிட்டுது."

"ஏன்?"

"கரையெல்லாம் களிமண்ணு. வளைவு உதைக்குது, மண்ணு நகந்துடுது."

"நடுவுல தூண் நிறுத்தி நேரா உத்திரம் போடலாமே?"

"வெள்ளத்துல முழு மரமா அடிச்சிட்டு வருது. தூணு நிக்காது."

"சரி, தொங்குபாலம்?"

"கயித்தை இழுத்துக் கட்டவும் கெட்டியான கரைதானேம்மா வேணும்? முளையைப் பிடுங்கிட்டு வந்துடும். நல்ல கரை இல்லாத ஊருக்குப் பாலமே கிடையாதா?"

தில்லைநாயகி ஈரக் களிமண்ணில் இரண்டு உருண்டை பிடித்துத் தள்ளித் தள்ளி வைத்தார். மூங்கிலைப் பிளந்த ஒரு பிளாச்சை வளைத்து அவற்றின் மேல் நிறுத்தினார்.

"அமுக்குங்க."

மருதப்பன் அமுக்கினார். உருண்டைகள் ஆளுக்கொரு பக்கம் விலகின. பிளாச்சு படுத்துவிட்டது.

"இதைத்தான் ரெண்டு தடவை பாத்துட்டேனே" என்றார் எரிச்சலோடு.

குரு பிளாச்சின் இரு முனைகளையும் ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டி, மறுபடி வைத்தார்.

"இப்ப அமுக்குங்க."

கயிறு விறைத்தது. உருண்டைகள் கொஞ்சம் அமுங்கின. நகரவில்லை.

மருதப்பன் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொல்லனைத் தேடிப் போய்விட்டார். குருவிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

நாலு மாதம் வேலை நடந்தது. எடை தாங்க இரு கரையிலும் சேற்றுக்குள் பனங்கட்டைகளை இறக்கினார்கள். தேக்கில் வளைவு செய்தார்கள். வளைவின் இரண்டு கால்களையும் மணிக்கட்டுக் கனத்தில் இரும்புக் கம்பிகள் பிணைத்தன. நடக்கும் பலகைகள் வளைவிலிருந்து தொங்கின. மேட்டில் வைத்தே எல்லாவற்றையும் முடித்து, படகுகளில் ஏற்றிக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

ஒரு முனையைப் பனங்கட்டைகளோடு பொருத்தினார்கள். திட்டுப் பக்க முனைக்கு அடியில் இரண்டு இரும்பு உருளைகளை வைக்கச் சொன்னார் குரு.

"வெயில்ல இரும்பு நீளும். அதுக்கு வழி விடணும், இல்லன்னா கரையைத் தள்ளும்."

மருதப்பனுக்கு மனசு ஒப்பவில்லை. குரு நகர்ந்ததும், உருளைகளுக்கு ஆப்பு அடித்து இறுக்கிவிட்டார்.

மூன்றாம் நாள் வெள்ளம் வந்தது. பொன்னாச்சிக்கு வலி கண்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு திட்டு முனையில் வந்து நின்றாள்.

அவளை அழைத்துவர மருதப்பனோடு வந்திருந்த தில்லைநாயகி, உருளைகளைக் குனிந்து பார்த்தார். ஆப்பைத் தட்டிக் கழற்றி ஆற்றில் எறிந்தார்.

"அம்மா! எம்மவ ஏறப் போறா!" மருதப்பன் கத்தினார். "இந்தப் பக்கம் பிடிப்பே இல்லாம விட்டா பாலம் ஓடிடாதா?"

"கரையைப் பிடிச்சிட்டு நின்னது ரெண்டும் விழுந்துட்டுது, மருதப்பரே. இது தன் காலைத் தானே பிடிச்சிட்டு நிக்குது. எங்க ஓடும்?"

மருதப்பன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் பலகையில் ஏறினார்.