ஆண்கள் பந்தியில் ஓர் இலை

மருதவாணன் பேசித் தோற்றவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், திருவிழா வந்தால் பட்டிமன்றப் பேச்சாளர். 'மனைவி கணவனைவிட இளையவளாக இருக்க வேண்டுமா, வேண்டாமா?' என்று மாசி மகத்துக்கு நடந்த பட்டிமன்றத்தில், வேண்டும் என்ற அணிக்கு அவர்தான் தலைவர். ஜெயித்தார். பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தால், அதே தலைப்பில் மகள் குழலி எதிரணியில் நின்றுகொண்டிருந்தாள்.

குழலிக்கு இருபத்திரண்டு வயது. பார்த்திருந்த மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு. நல்ல வேலை, சொந்த வீடு, கெட்ட பழக்கம் ஏதும் கிடையாது.

"வயசுதான்பா இடிக்குது" என்றாள்.

அவர் அரைமணி நேரம் பேசினார். எதிரணிக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்க வீட்டில் நடுவர் யாரும் இல்லை. அன்றிலிருந்து அவள் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

நிறைந்த நாள் என்று அமாவாசையன்று சாயங்காலம் பூ வைக்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள் மாப்பிள்ளை வீட்டார். அன்று காலையில் மருதவாணன் ஆற்றங்கரை மடத்துக்குப் போனார். மடத்துச் சாமி சொன்னால் குழலி கேட்பாள். சாமியிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போனால் மகள் வாயை அடைத்துவிடலாம். ஞானம் தேடி மடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள்.

சாமி மருதவாணனைவிடப் பத்து வயது சின்னவர். வாத்தியார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார்.

"சாமி, பொண்டாட்டி புருஷனுக்கு இளையவளா இருக்கறதுதானே முறை?"

"யாருக்குக் கல்யாணம்?"

"எம் பொண்ணுக்கு."

"அவ என்ன சொல்றா?"

"சின்னப் பொண்ணு சாமி. அவளுக்கு என்ன தெரியும்?"

"கட்டிக் கொடுக்கிற அளவுக்குப் பெரியவ ஆயிட்டாளே."

மருதவாணன் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் மேடை ஏறிவிட்டார் என்று ஊருக்கே தெரியும்.

"குடும்பம்னா ஒருத்தர் சொல்லணும், ஒருத்தர் கேக்கணும். மூத்தவன் சொன்னாத்தான் இளையவ கேப்பா."

"நீங்க எனக்கு மூத்தவர். நான் சொல்றதைக் கேக்க வந்திருக்கீங்க."

"அது வேற சாமி. அது ஞானம்."

"சரி."

"மூத்தவனா இருந்தா பொண்டாட்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்குவான்."

"சரி."

அடுத்தது மேடையில் கைதட்டல் வாங்கிய இடம். மருதவாணன் ஒரு மூச்சு நிறுத்திச் சொன்னார். "கடைசிக் காலத்துல அவன் படுத்துட்டா, தூக்கி உக்கார வைக்க அவ உடம்புல தெம்பு இருக்கும்."

சாமி எழுந்துகொண்டார். "இன்னிக்குப் பந்தியில பரிமாற ஆள் பத்தலை. போய் இலை போடுங்க. உங்களுக்குப் பதில் பந்தி முடியறப்போ."

மருதவாணன் வருஷக்கணக்கில் மடத்துக்கு வருகிறவர். ஒரு நாளும் இலையைத் தொட்டதில்லை. வாய்க்கு வேலை என்றால் முதல் ஆளாக நிற்பார். கைக்கு வேலை என்றால் அன்றைக்குப் பார்த்து வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பார்கள். இன்றைக்கு வேறு வழி இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினார்.

அமாவாசைப் பந்தி, அக்கம்பக்கத்து ஊர்களில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்காக மடம் போடுகிற சோறு. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். மருதவாணன் இரண்டு பக்கமும் சரிசமமாக இலை போட்டார். பட்டிமன்றக்காரருக்கு இரண்டு அணியும் சமமாக இருந்தால்தான் கண்ணுக்கு அழகு. தண்ணீர் தெளித்தார், உப்பு வைத்தார். சமையல்காரர் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாமி வேண்டாம் என்று சாடை காட்டினார்.

மணி அடித்துக் கதவைத் திறந்தார்கள். பெண்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். கோல் ஊன்றி வந்தவர்கள், ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து வந்தவர்கள், ராத்திரிக்கும் கொஞ்சம் வாங்கிப் போகத் தூக்குவாளியோடு வந்தவர்கள். இடப்பக்கம் நிறைந்து, மீதிப் பேர் படியில் நின்றார்கள். வலப்பக்கத்தில் நாலைந்து கிழவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அப்பால் சுவர் வரைக்கும் வெறும் இலை.

"சாமி, ஆம்பளைங்க இன்னும் வரலையே?"

"எல்லாரும் வந்தாச்சு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

மருதவாணன் வெறும் இலைகளை எடுத்துப் பெண்கள் பக்கம் மாற்றிப் போடக் குனிந்தார்.

"தண்ணி தெளிச்ச இலையைச் சாப்பிடாம எடுக்கற வழக்கம் இங்க இல்லை."

"அப்ப படியில நிக்கறவங்க?"

"அந்த இலையிலயே உக்காரச் சொல்லுங்க."

"அது ஆம்பளைங்க பந்தி சாமி!"

"அந்த இலைக்காரங்க எல்லாம் முன்னாடியே போயிட்டாங்க வாத்தியாரே. மிச்சம் இவங்கதான். உக்கார வைங்க."

உட்கார்ந்தார்கள். மருதவாணன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டார். பெண்கள் வரிசையில் ஒருத்தி, எதிரே இருந்த தன் வீட்டுக்காரரைக் காட்டி, "அவருக்குக் காரம் ஆகாது, மோர் ஊத்துங்க" என்று மூன்று முறை சொன்னாள். சொல்லி முடித்து, மோர் ஊற்றியதைப் பார்த்த பிறகுதான் தன் சோற்றில் கை வைத்தாள்.

வலப்பக்கம், ஆண்களின் இலையில் உட்கார்ந்திருந்த தெய்வயானை என்ற அம்மாளுக்கு முதுகு வளைந்துவிட்டது. தலையில் கறுப்பு முடி ஒன்றுகூட இல்லை.

"என்ன வயசும்மா உங்களுக்கு?"

"அம்பது ஆகப்போகுதுங்க."

தன்னைவிடச் சின்னவள் என்பதை மருதவாணனால் ஒரு கணம் நம்ப முடியவில்லை. வாளி கையிலேயே நின்றது.

"வீட்டுக்காரர்?"

"போயிட்டார். அவருக்கும் எனக்கும் பத்தொம்பது வயசு வித்தியாசம். மூத்தவர்னா குழந்தை மாதிரி பார்த்துக்குவார்னு எங்கப்பா கட்டி வெச்சார்." அவள் சோற்றில் குழி பறித்தாள். "குழந்தை மாதிரிதான். ஊட்டி விட்டு, குளிப்பாட்டி, பீ மூத்திரம் அள்ளி. நான் அவருக்கு."

"புள்ளைங்க?"

"புள்ளையா ஆனவரை வளர்க்கவே நேரம் சரியாப் போச்சு. சாம்பார் ஊத்துங்க."

பக்கத்து இலைக்காரி எட்டிப் பார்த்துச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் படுத்தப்போ தூக்க நான் இருந்தேன். போன மாசம் நான் கிணத்தடியில விழுந்தேன். பக்கத்து வீட்டு நாய்தான் முதல்ல வந்து பார்த்துச்சு. மோந்து பார்த்துட்டு அதுவும் போயிடுச்சு."

வரிசையே சிரித்தது. மருதவாணனுக்குக் கூட்டம் சிரிக்கப் பேசித்தான் பழக்கம். இந்தச் சிரிப்பைக் கேட்க அவருக்கு என்னவோ போல் இருந்தது.

"உங்கப்பாகிட்டப் போய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார் தெய்வயானையிடம்.

"கேக்கணும்னுதான் வெச்சிருந்தேன். அவரும் முன்னாடியே போயிட்டார்."

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மனைவி.

"அவங்க கிளம்பிட்டாங்களாம். பொண்ணு அறைக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு இருக்கா. சாமி என்ன சொன்னார்?"

"இன்னும் சொல்லலை."

"சீக்கிரம் கேட்டுக்கிட்டு வாங்க. அவளை நான் எதைச் சொல்லி வெளிய வரவழைக்கறது?"

போனை வைத்துவிட்டு வாளியோடு சாமியிடம் வந்தார். சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"சாமி, பந்தி முடியப்போகுது."

"எல்லாரும் உக்காந்தாச்சா?"

"உக்காந்தாச்சு. ஆம்பளைங்க பக்கம் கடைசியில ஒரே ஒரு இலைதான் மிச்சம். அதை மட்டும் எடுத்துடட்டுமா?"

சாமி அந்த வரிசையைக் கடைசி வரைக்கும் பார்த்தார். இலையில் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. ஓரத்தில் உப்பு அப்படியே இருந்தது.

"எடுக்காதீங்க" என்றார். "உங்க பொண்ணுக்கு இருக்கட்டும்."